தங்கை ஓடாமல் பார்த்துக்கொள்ளப் போனேன்

இலங்கைக்குப் போகிறவர்கள் கடல் பார்க்கப் போவார்கள், சிகிரியா மலையில் ஏறப் போவார்கள். நான் போனது என் தங்கை ஓடாமல் பார்த்துக்கொள்ள. இதையெல்லாம் விமான நிலையத்து அதிகாரியிடம் விளக்க முடியுமா? "சுற்றுலா" என்று சொல்லி முத்திரை வாங்கிக்கொண்டேன்.

தங்கை கோமதி மாத்தளையில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் குடும்பம் இலங்கைத் தோட்டத்தை விட்டுக் கப்பலேறித் திருச்சிக்கு வந்தபோது அங்கேயே தங்கிவிட்ட சொந்தத்தில்தான் கொடுத்தோம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியை. நாற்பதை நெருங்கும் வயதில் அவளுக்கு டிரையத்லான் பைத்தியம் பிடித்துவிட்டது. முதலில் நீந்த வேண்டும், ஈரம் சொட்டச் சொட்டச் சைக்கிளில் ஏற வேண்டும், சைக்கிளை விட்டு இறங்கிய கையோடு ஓட வேண்டும். மூன்றில் ஒன்றைச் செய்தாலே மனுஷன் ஒரு வாரம் படுத்துக்கொள்வான். இவர்கள் மூன்றையும் ஒரே காலையில் செய்துவிட்டுச் சிரித்தபடி போட்டோ பிடித்துக்கொள்கிறார்கள்.

அடுத்த மாதம் கிழக்குக் கரையில் போட்டி. இரண்டு வருஷமாக அதற்கென்றே உழைத்தவளுக்கு, ஓடி ஓடியே முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் விழுந்துவிட்டது. டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கையை மட்டும் போட்டு நீந்தலாம். சனி, ஞாயிறில் சமதரையில் மெதுவாகச் சைக்கிள் விடலாம். ஓடவே கூடாது. திங்கட்கிழமை மறுபடி பார்ப்பேன், எலும்பு கூடியிருந்தால் போட்டிக்குப் போகலாம். அதற்குள் ஓடி அது முறிந்தே போனால் உள்ளே கம்பி வைக்க வேண்டும், பள்ளிக்கூட வேலைக்கும் கும்பிடு போட வேண்டியதுதான்.

இதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. "நீ போயி திங்கக்கிழமை வரைக்கும் அவ பக்கத்துலயே இரு. அவ ஓடக் கூடாது, அவ்வளவுதான் உன் வேலை" என்று என்னை அனுப்பிவிட்டாள். நான் மின்சார வாரியத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடுவதில்லை, அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன். என்னைப் போய் ஓட்டக்காரிக்குக் காவல் வைத்தால் எப்படி இருக்கும்?

போன அன்றைக்கே கோளாறு. கண்டியில் ஏறிய பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேல் ஸ்பீக்கர் அலறியது. அந்த இரைச்சலிலும் நான் அசந்துவிட்டேன். கண்டக்டர் உலுக்கி எழுப்பியபோது வெளியே வயல். "மாத்தளை?" என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிங்களத்தில் நீளமாக ஏதோ முறையிட்டார். பக்கத்தில் இருந்த அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தமிழில் சொன்னார்: "மாத்தளையில உங்கள எழுப்பினாராம். நீங்க கண்ண மூடிக்கிட்டே அவரு கையத் தட்டிக்குடுத்துட்டு மறுபடி தூங்கிட்டீங்களாம். இது நாவுலங்க, மாத்தளை எப்பவோ போயிடுச்சு."

மாப்பிள்ளை மகேந்திரனுக்குப் போன் போட்டேன். அவர் சின்ன லொறி வைத்து நாவுலயிலிருந்து மாத்தளைக்கு மரக்கறி ஏற்றுகிறவர். காய்கறியை அங்கே மரக்கறி என்கிறார்கள். "நல்லதாப் போச்சு மச்சான், நானும் இங்கதான் இருக்கேன். அங்கனயே நில்லுங்க" என்றவர், நான் பால் சேர்க்காத பிளேன்டீ ஒன்று குடித்து முடிப்பதற்குள் கத்தரிக்காய் மூட்டைகளோடு வந்து நின்றார். "வீட்டுக்குப் போகலாம், கோமதி என்ன செய்யுது?" என்றேன். "அது வீட்டுல இல்லையே. லீவு நாள்ல என்கூட லொறியில வந்துரும். குளத்துல இருக்கு" என்றார், கடைக்குப் போயிருக்கிறது என்று சொல்கிற மாதிரி.

குளம் என்றால் நம் ஊர்த் தெப்பக்குளம் இல்லை. ஏரி. அக்கரை மங்கலாகத் தெரிகிறது. நடுத்தண்ணீரில் கறுப்புத் தொப்பி போட்ட தலை ஒன்று முங்கி முங்கி வந்தது. கரைக்குப் பக்கத்தில் வந்ததும் பார்த்தேன். அவளுடைய இரண்டு கணுக்காலும் சேர்த்துக் கட்டியிருந்தது!

"யாரு மகேந்திரன் இப்படிக் கட்டிப் போட்டது?" என்று அலறினேன்.

"அதுவேதான் கட்டிக்கும். பழைய சைக்கிள் டியூப் மச்சான். கட்டலைன்னா கால் தன்னால அடிக்குமாம், எலும்புக்கு ஆகாதாம். டாக்டரம்மா கை மட்டுந்தானே போடச் சொன்னாங்க."

"முதலை கிதலை?"

"இருக்கு. ஆனா அது அந்தப் பக்கந்தான் இருக்கும்."

முதலைக்கு எந்தப் பக்கம் தன்னுடையது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் கேட்பதற்குள் கோமதி கரையில் உட்கார்ந்து டியூபை உருவிக்கொண்டிருந்தாள். "வாண்ணே. என்ன, இன்னும் பெருத்துட்ட?" என்றாள். நலம் விசாரிப்பு முடிந்தது.

மறுநாள் எல்கடுவ தேயிலைத் தோட்டம். கோமதியின் மாமியாரை, எனக்கு அத்தை முறை, பார்க்கப் போனோம். அவர் இன்னமும் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில்தான் இருக்கிறார், இன்னமும் கொழுந்து பறிக்கப் போகிறார். அந்த மலைப்பாதையில் எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். எங்கள் வேன் டிரைவர் வளைவு வளைவாகப் பின்னால் போய்க்கொண்டே எதிர் வண்டிக்காரரிடம் கல்யாண விஷயம் பேசினார். நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்த பிடியில் கை கன்றிவிட்டது.

அத்தை பொலொஸ் கறி வைத்திருந்தார். பலாப்பிஞ்சை இலவங்கப்பட்டையோடும் தேங்காய்ப்பாலோடும் அடுப்பில் நெடுநேரம் விட்டுக் கறுக்கக் கறுக்க எடுப்பது. ஆட்டுக்கறி என்றே நினைத்து எலும்பைத் தேடினேன். கூடவே தேங்காய் போட்ட பொல் ரொட்டி, மாசிக் கருவாடு போட்ட சம்பல். அந்தச் சம்பலின் உறைப்புக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு இன்னொரு ரொட்டி வாங்கினேன். திருச்சியில் தேங்காயை இப்படி வாரி இறைத்தால் வீட்டில் சண்டை வரும்.

சாப்பாட்டுக்கு நடுவில் அத்தையிடம் ஆதரவு தேடினேன். "நீங்களாவது சொல்லுங்கத்தே. கால் உடைஞ்சவ அடங்கி உக்கார வேண்டாமா?"

அத்தை தன் முழங்காலைக் காட்டினார். பழைய சேலைக் கிழிசலை இறுக்கிச் சுற்றியிருந்தது. "எனக்கும் வலிதான் தம்பி. இதக் கட்டிக்கிட்டுத்தான் மலையேறுறேன். உக்காந்தா அரைப்பேருல்ல?"

சொன்ன கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் அன்றைக்கு அரைநாள் வேலை என்றுதான் பதிவார்களாம். அதற்குத் தோட்டத்தில் அரைப்பேர் என்று பெயர். காய்ச்சலோடு மலையேறி முழுப்பேர் வாங்கி இறங்கிய கதையை அத்தை சொல்லச் சொல்ல, கோமதி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் தடவை கேட்கிற முகமில்லை அது. பல தடவை கேட்டு ஊறிய முகம்.

"பாத்தியாண்ணே, அத்தைக்குப் புரியுது. ரெண்டு வருஷம் முழுப்பேரு போட்டவளப் பாத்து, கைய மட்டும் போடு, மெதுவாப் போ, ஓடாதன்னா? இந்த டாக்டர் எனக்கு அரைப்பேருதான் போடுறாங்க. வெக்கமா இருக்கு."

"வெக்கப்படாம வேற என்னா செய்யும் புள்ள" என்றார் அத்தை, அவள் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்து.  உதவிக்கு ஆள் தேடி மலையேறி வந்தால், எதிர்க்கட்சிக்குத் தலைவியே இங்கேதான் இருக்கிறார்.

சனிக்கிழமை மகேந்திரனின் லொறியில் இரண்டு சைக்கிளை ஏற்றிக்கொண்டு நாவுல போனோம். மாத்தளையைச் சுற்றி எங்கே திரும்பினாலும் ஏற்றம். சமதரைக்கு நாவுல வயல்வெளிக்குத்தான் வர வேண்டும். அவள் சைக்கிளை ஒரு கையால் தூக்கலாம். எனக்கு வாய்த்தது மகேந்திரனின் பழைய இரும்புக் குதிரை. அதன் இருக்கை என்னை எங்கெங்கே உறுத்தியது என்று இங்கே எழுத முடியாது.

"மெதுவாகப் போவது" என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் நாக்குத் தள்ள மிதிக்கிறேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, வாழைப்பழம் உரித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போகிறாள். வேகம் கொஞ்சம் கூடினால் அவள் கைக்கடிகாரம் பீப் என்று கத்தும். கத்தும்போதெல்லாம் "அரைப்பேரு, அரைப்பேரு" என்று அதைத் திட்டுவாள். ஒன்று சொல்ல வேண்டும், அங்கே வண்டிக்காரர்கள் சைக்கிளுக்குப் பின்னால் பொறுமையாக வருகிறார்கள். நம் ஊரில் என்றால் நான் அன்றைக்கே வாய்க்காலில் கிடந்திருப்பேன்.

வயல் ஓரத்துத் தேநீர்க்கடையில் இறங்கினோம். கடைக்கு முன்னால் திரீவீலர் ஆட்டோ நிறுத்திக் காத்திருந்த ரபீக் நானா என்பவருக்குக் கோமதியை நன்றாகத் தெரியும். மாத்தளைப் பக்கத்து முஸ்லிம், அவர்கள் வழக்கில் நானா என்றால் அண்ணன், மிளகுத் தோட்டமும் கொஞ்சம் உண்டாம். என்னை ஏற இறங்கப் பார்த்தவர், "டீச்சர், இவரையும் ரேஸுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? அப்படின்னா நான் வண்டியோட பின்னால வாரேன்" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், மூச்சு வந்த பிறகு.

அன்றைக்கு அவள் ஓடவில்லை. பேசாமல் லொறியில் ஏறினாள், வீட்டில் காலைப் பனிக்கட்டி வாளிக்குள் விட்டுக்கொண்டு பழைய பாட்டு கேட்டாள். அம்மாவுக்குப் போன் போட்டு, பெண் திருந்திவிட்டாள் என்று பெருமையாகச் சொன்னேன். என்னை மாதிரி ஒரு முட்டாள் திருச்சியில் இன்னொருவன் இருந்தால் கையைத் தூக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி அதே இடம். மகேந்திரன் எங்களை இறக்கிவிட்டு மரக்கறி ஏற்றப் போய்விட்டார். வெயில் ஏறாத நேரம், வயலில் கொக்குகள், காற்றில் கறிவேப்பிலை வாசம். சைக்கிள் விட்டு முடித்துத் தேநீர்க்கடையில் நிறுத்தினோம். கோமதி இரண்டு சைக்கிளையும் ஒரே சங்கிலியில் கோத்துப் பூட்டினாள், சாவியைப் பைக்குள் போட்டாள். நான் பிளேன்டீக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினால், பெஞ்சில் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு ஜோடி சப்பாத்தை எடுக்கிறாள். ஷூவுக்கு அங்கே அதுதான் பேர். ஓடுகிற சப்பாத்து!

"அடிப்பாவி! என்னடி இது?"

"சும்மா. அந்தக் குளக்கட்டு முனை வரைக்கும்."

"நாளைக்கு டாக்டர் பாக்கப் போறாங்கடி!"

"அதுக்குத்தாண்ணே. நாளைக்குப் போயி உக்காந்துக்கிட்டு வலிக்குமா வலிக்காதான்னு தெரியாம முழிக்கச் சொல்றியா? இன்னைக்கே ஓடிப் பாத்துட்டா, ஓடினேன், வலிக்கலன்னு தைரியமாச் சொல்லலாம்ல?"

 பரீட்சைக்கு முதல் நாள் வினாத்தாள் உறையைக் கிழித்துப் பார்க்கிற புத்தி இது. பின்னால்தான் தெரிந்தது, இந்த டிரையத்லான்காரர்கள் அத்தனை பேருமே இப்படித்தானாம். ஆறுகிற காயத்தை ஆறிவிட்டதா என்று ஓடிப் பார்த்தே கெடுத்துக்கொள்வார்களாம். "முடியாது, உக்காரு" என்று அவள் கையைப் பிடித்தேன். மீன் மாதிரி நழுவினாள். "அரைப்பேரோட என்னால அங்க போயி நிக்க முடியாதுண்ணே" என்றாள், விளையாட்டில்லாத குரலில். கிளம்பிவிட்டாள்.

சைக்கிள் பூட்டிக் கிடக்கிறது. சாவி அவள் முதுகுப்பையில். தோல் செருப்போடு நானும் ஓடினேன் ஐயா! என் வயிறு எனக்கு முன்னால் ஓடியது. குளக்கட்டின் மேல் செம்மண் பாதை; ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல். அவள் வேகமாகக்கூட ஓடவில்லை. முட்டைமேல் நடக்கிற மாதிரி, அந்தக் காலை அளந்து அளந்து வைத்துத்தான் போனாள். அதையே என்னால் எட்ட முடியவில்லை. "கோமதி, நில்லுடி! அம்மா மேல ஆணை, நில்லு!" திரும்பியே பார்க்கவில்லை, கையை மட்டும் தூக்கி ஆட்டினாள். ஒரு செருப்பு வார் அறுந்தது. வயலில் நின்ற இரண்டு பெண்கள் நிமிர்ந்து பார்த்து என்னவோ சொல்லிச் சிரித்தார்கள்.

அவள் சின்னதாகிக்கொண்டே போகிறாள். ஒவ்வொரு அடிக்கும் அந்த எலும்பு எனக்குள் விரிகிறது. நாளைக்குக் கம்பி வைத்த காலோடு இவள் படுத்திருப்பாள், நான் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன்? என்ன செய்தால் நிற்பாள்? அந்த நேரத்தில் என் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"கோமதி! நெஞ்சு வலிக்குதுடி!"

கத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தேன்.

எங்கள் அப்பா போனது நெஞ்சு வலியில்தான். சத்திரம் பஸ் நிலையத்தில், என் மடியில். கோமதி அப்போது வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கத்தின பிறகுதான் எதைச் சொல்லிக் கத்தினேன் என்று எனக்கே உறைத்தது.

அவள் நின்றாள். திரும்பினாள். அதற்குப் பிறகு நான் பார்த்ததைச் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். காலை அளந்து வைத்துப் போனவள், அளவும் இல்லாமல் கணக்கும் இல்லாமல், பையைத் தூக்கி வீசிவிட்டு, வாயைத் திறந்து "அண்ணே! அண்ணே!" என்று கத்திக்கொண்டே பறந்து வந்தாள். அந்தக் காலா, இந்தக் காலா, அவளுக்கு எதுவும் தெரியவில்லை. கல்லில் மிதித்தாள், பள்ளத்தில் மிதித்தாள். அவள் ஓடக் கூடாது என்பதுதான் என் வேலை. அவளை ஜென்மத்திலேயே ஓடாத ஓட்டம் ஓட வைத்துவிட்டேன்.

"வேணாம், ஓடாத, ஓடாத!" என்று கையை ஆட்டினேன். அவளுக்கு அது துடிப்பதாகத் தெரிந்திருக்க வேண்டும். இன்னும் வேகமாக வந்து விழுந்தாள். என் சட்டைப் பொத்தானைப் பிய்த்தாள், மார்பில் காதை வைத்தாள், தேநீர்க்கடைப் பக்கம் திரும்பி "ரபீக் நானா!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். "கோமதி, எனக்கு ஒண்ணும்..." என்று ஆரம்பித்தேன். "பேசாதண்ணே. மூச்ச விடு. பேசாத" என்று என் வாயைப் பொத்திவிட்டாள். அவள் கை ஜில்லிட்டிருந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு பொய் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கோழை என்று திட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

ரபீக் நானா குளக்கட்டின் மேலேயே திரீவீலரை ஏற்றிக்கொண்டு வந்தார். "யா அல்லாஹ், நேத்துச் சிரிச்சேனே, என் கண்ணுதான் பட்டுச்சு!" என்று புலம்பிக்கொண்டே ஓட்டினார். கோமதி என்னைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு கந்தசஷ்டிக் கவசத்தை முணுமுணுத்தாள். பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டபோதெல்லாம் அவள் உதட்டைக் கடித்தாள். எனக்காகத்தான் என்று முதலில் நினைத்தேன். கீழே பார்த்தேன், இடது காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கி வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் கம்பிகளை ஒட்டிப் படம் எடுத்தார்கள். காகிதச் சுருளைப் பார்த்த நர்ஸம்மா சிங்களத்தில் ஏதோ சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரபீக் நானா மொழிபெயர்த்தார்: "இந்த வயித்துக்கு இந்த நெஞ்சு ரொம்ப நல்ல நெஞ்சுன்னு சொல்றாங்க." கோமதி சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து, முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அப்படி அழுகிறவர்களை நான் பார்த்ததில்லை.

வராந்தா பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "வலிக்கலடி. உன்ன நிறுத்தணும்னுதான் கத்தினேன். பொய்யி."

அறைவாள் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.  அவள் குனிந்து சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தாள். காலுறையை இறக்கினாள். முன்னெலும்பின் மேல் வீங்கி, தோல் பளபளவென்றிருந்தது. 

லொறியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மகேந்திரன் ஓடி வந்தார். "என்னா ஆச்சு மச்சான்? என்னா ஆச்சு?" நான் வாயைத் திறப்பதற்குள் கோமதி சொன்னாள்: "ஒண்ணுமில்லங்க. வாயுவாம். எல்கடுவயில தின்ன ரொட்டி."  காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கு நாலு அறை அறைந்திருக்கலாம்.

சேதி எல்கடுவ வரைக்கும் போய்விட்டது. சாயங்காலமே அத்தை பஸ் ஏறி வந்துவிட்டார், எனக்குக் கொத்தமல்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுக்க. வீட்டில் எல்லோருக்கும் கோழிக்குழம்பு, இடியப்பம். எனக்கு உப்பில்லாத கஞ்சி. மூலையில் கோமதி காலைத் தலையணை மேல் நீட்டி, பனிக்கட்டி வைத்துக்கொண்டிருந்தாள். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. "ரெண்டு பேரும் ஒரே நாள்ல படுத்துட்டீங்களே" என்று அத்தை எனக்குத்தான் விசிறிவிட்டார். 

திங்கட்கிழமை டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தோம். சிங்களப் பெண், தமிழைத் தேடித் தேடி, அழகாகப் பேசினார். கட்டைவிரலால் எலும்பை அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கோமதி நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஓடினீங்களா?"

"ஓடினேன் டாக்டர்."

"மெதுவாவா?"

"போகும்போது மெதுவா. வரும்போது வேகமா."

"வேகமா ஓடும்போது எவ்வளவு வலிச்சது?"

"தெரியல டாக்டர். கால் இருக்கிற ஞாபகமே இல்ல."

"என்னாலதான் டாக்டர்" என்று நான் குறுக்கே விழுந்தேன். நெஞ்சு வலி என்று நடித்ததையெல்லாம் கொட்டினேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "போகும்போது உடைஞ்சதா, வரும்போது உடைஞ்சதா, யாருக்குத் தெரியும்? எலும்பு அதெல்லாம் சொல்லாது" என்றார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். மயிரிழையாக இருந்த கோடு இப்போது எனக்கே பளிச்சென்று தெரிந்தது. முழுதாக முறியவில்லை, கம்பி தேவையில்லை, வேலைக்கும் ஆபத்தில்லை என்றார். போட்டி இல்லை. நீச்சல், சைக்கிள் எதுவும் இப்போதைக்கு இல்லை. காலுக்குக் கனமான கட்டு, கையில் ஊன்றுகோல். வருஷம் பிறந்த பிறகு பார்க்கலாம் என்றார்.

கோமதி "சரிங்க டாக்டர்" என்றாள்.  ரெண்டு வருஷ உழைப்பு, விடியும் முன் எழுந்து குளத்தில் இறங்கியது, ஏற்றம் ஏற்றமாக மிதித்தது, எல்லாவற்றையும் அந்த இரண்டு வார்த்தையில் மடித்து வைத்துவிட்டாள்.

வெளியே வந்தோம். மாத்தளை வீதி தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. எதிரே மசாலாக் கடையில் கிராம்பு அளந்துகொண்டிருந்தார்கள், பஸ்காரர் தம்புள்ள, தம்புள்ள என்று ஆள் கூப்பிட்டார். திரீவீலர் வருகிற வரைக்கும் ஒரு கடை நிழலில் நின்றோம். ஊன்றுகோல் அவளுக்கு இன்னும் பழகவில்லை, என் தோளையும் பிடித்துக்கொண்டாள். நான் அழுதுகொண்டே பேசினேன். நடுரோட்டில், நாற்பத்தைந்து வயது ஆம்பளை.

"என்னைத் திட்டுடி. ஏதாவது பேசு. நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, முட்டைமேல நடக்கிற மாதிரி போயிட்டு வந்திருப்ப. ஒண்ணும் ஆகியிருக்காது. உன் போட்டியை நாந்தான் கெடுத்தேன்."

அவள் ஊன்றுகோலைக் கக்கத்தில் சரியாக வைத்துக்கொண்டாள். நேற்றிலிருந்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அப்பாவுக்கு அப்படி ஆனப்ப நான் அங்க இல்ல. நேத்து பக்கத்துல இருந்தேன், வந்து சேந்துட்டேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அதுதாண்ணே தெரிஞ்சுது." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நீ இன்னொரு தடவை அப்படிக் கத்தினாலும் நான் ஓடித்தான் வருவேன். பொய்யின்னு தெரிஞ்சாலும் ஓடித்தான் வருவேன். அதனால, தயவுசெஞ்சு கத்தாத."